சிவப்பு பெயிண்டை நம்பி ஏமாந்தேன்: பழைய இத்தாலிய ரேஸ் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்க நினைப்பவர்கள், அதிலும் ஐரோப்பாவில் இருந்துகொண்டு "இத்தாலிக்கே போய் ஒன்று எடுத்துவிடலாம்" என்று திட்டம் போடுகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன ஏப்ரலில் 2,150 யூரோ கொடுத்து, பேர்போன இத்தாலிய பிராண்டான கொல்னாகோவின் பெயரில், "ஒரிஜினல் 1983 கொல்னாகோ" என்று ஒன்றை வாங்கினேன். அது கொல்னாகோவும் இல்லை, 1983-இல் கட்டியதும் இல்லை. அதைவிட மோசம், ஏறி ஓட்டவே கூடாத வண்டி. விற்ற கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்படி விற்கிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை என்பதால், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் பயன்.

எனக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது அப்பாவால். அவர் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியில் பிரேசிங் பிரிவில் வேலை பார்த்தவர். குழாயையும், குழாய்கள் சேருகிற மூட்டில் மாட்டும் லக்கையும் சூடாக்கி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒட்டுகிற வேலை. சின்ன வயதில் தெருவில் எந்த சைக்கிள் நின்றாலும் குனிந்து அதன் கழுத்தைப் பார்ப்பார். நான் மியூனிக்குக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஸ்டீல் வண்டிகளில் கிளம்புகிற ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்த பிறகு எனக்கும் ஒன்று வேண்டும் என்று மூன்று வருடம் காசு சேர்த்தேன்.

ஏன் சிவப்பு என்று சொல்லிவிடுகிறேன். 1982-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் உலகச் சாம்பியன் பந்தயம். கடைசி ஏற்றத்தில் இத்தாலிய வீரர் ஜுசெப்பே சரோன்னி பாய்ந்து ஜெயித்த வேகத்தைப் பார்த்து, இத்தாலியர்கள் அதற்கு "குட்வுட் துப்பாக்கிச் சூடு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிரெக் லெமாண்ட் இரண்டாவது, ஷான் கெல்லி மூன்றாவது. அடுத்த வருடம் இத்தாலியைச் சுற்றி ஓடும் ஜீரோ தி இத்தாலியா பந்தயமும் சரோன்னிக்குத்தான். அவர் ஓட்டியது மிலானுக்குப் பக்கத்தில் கம்பியாகோ என்ற ஊரில் எர்னெஸ்தோ கொல்னாகோவின் பட்டறைச் சைக்கிள். 1972-இல் மெக்சிகோவில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த வண்டியைக் கட்டியதும் அதே பட்டறைதான். அந்தச் சிவப்புக்கு "சரோன்னி சிவப்பு" என்றே பெயர் நிலைத்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை வெயிலில் பார்த்தால் நிறம் மேலே பூசியதாகத் தெரியாது, உள்ளேயிருந்து வருவது போல இருக்கும். அந்த நிறத்தில் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்று விளம்பரம் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பிரென்னர் கணவாய் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். வட இத்தாலியின் லொம்பார்தியில் ஒரு சிறிய ஊர். கடை முழுக்கப் பழைய ஜெர்சிகள், சட்டம் போட்ட பந்தயப் படங்கள். காபி கொடுத்தார்கள். வண்டி ஸ்டாண்டில் நின்றது. புது பெயிண்ட், "ரெஸ்டோர் செய்தது" என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கீழ்ப்பாரில் கொல்னாகோ எழுத்து, கழுத்தில் சீட்டுக்கட்டு கிளாவர் சின்னம். 1970-இல் மிக்கேலே தான்செல்லி மிலான்–சான் ரெமோ பந்தயத்தை ஜெயித்த பிறகு வந்த சின்னம் அது. சீட் டியூபில், குழாய் செய்கிற கொலம்பஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.எக்ஸ். ரகம் என்று ஸ்டிக்கர், புறாப் படத்தோடு. கியரை மாற்றுகிற பின் டிரெய்லியர், இத்தாலியப் பாக நிறுவனமான காம்பன்யோலோவின் சூப்பர் ரெக்கார்டு. அதன் முகத்தில் "பேட்டண்ட் 82" என்று பதித்திருப்பதைக் கடைக்காரர் விரலை வைத்துக் காட்டினார். காம்பன்யோலோ அந்தக் காலத்தில் டிரெய்லியரில் வருடத்தை இப்படிப் பதித்தது உண்மை. அந்த டிரெய்லியர் அசல், கிராங்க் அசல், ஹப்களும் அசல். அதுதான் தூண்டில். பாகங்களில் வருடம் இருக்கிறது, கையில் தொட்டுப் பார்க்கலாம். அந்த நம்பிக்கையை நம் மனசு தானாகவே ஃப்ரேமுக்கும் கொடுத்துவிடுகிறது. அவர் ஃப்ரேமைப் பற்றி அதிகம் பேசவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சீட் போஸ்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உயரம் சரியாக வைத்திருக்கிறேன், புது பெயிண்ட் கீறிவிடும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு இடத்தில் நான் பிடிவாதமாக நின்றிருந்தால் மீதிக் கதையே இல்லை.

1,500 யூரோ வங்கி மூலமாகவும், "கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்று சொன்னதால் 650 யூரோ ரொக்கமாகவும் கொடுத்தேன். கையால் எழுதிய ரசீதில் இருந்தது இவ்வளவுதான்: "பழைய ரேஸ் சைக்கிள், சிவப்பு, 1,500 யூரோ." அதன் கீழே "விஸ்தா எ பியாச்சூத்தா." எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ஏதோ நன்றி வாசகம் என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "பார்த்தேன், பிடித்தது" என்று அதற்கு அர்த்தம். உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவர் ஒப்புக்கொள்வதாக எழுதுவது. கொல்னாகோ என்ற சொல் அந்தத் தாளில் இல்லை. 1983-உம் இல்லை.

மறுநாள் ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு லக்காகக் கிட்டே காட்டச் சொன்னார். காட்டக் காட்ட அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"லக் ஓரம் எங்கப்பா? ஓரமே தெரியலையே."

நல்ல ஃப்ரேமில் லக்கின் விளிம்பை அரம் போட்டு மெலிதாக்கியிருப்பார்கள். லக் முடிந்து குழாய் தொடங்குகிற இடம் கூர்மையான பென்சில் கோடு மாதிரி இருக்கும். என்னுடையதில் அந்தக் கோடு பெயிண்டுக்குள் முழுகிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே போனைக் கொண்டு போகச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னார்.

"கீழ்ப்பாருக்கு அடியில வெளிச்சம் நேரா ஓடல பாரு, ஒரு இடத்துல மங்குது. பட்டி பார்த்திருக்காங்க தம்பி. வீட்டுல காந்தம் இருந்தா வச்சுப் பாரு. அதுவரைக்கும் இதுல ஏறாத."

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த சின்னக் காந்தத்தை எடுத்து வந்தேன். மேல்பாரில் வைத்தால் டக்கென்று கவ்வுகிறது. கீழ்ப்பாரின் அடிப்பக்கம், கழுத்து லக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தேன். பிடி தளர்ந்து, காந்தம் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் விழுந்தது.

எங்கள் ஏரியாவில் ரேஸ் வண்டிகள் மட்டுமே பார்க்கிற ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். சனிக்கிழமை அவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் காந்தத்தைக் கூடத் தொடவில்லை. கிராங்கைக் கழற்றினார். பெடல் அச்சு ஓடுகிற குறுக்குக் குழல், நம் ஊர்க் கடைகளில் பி.பி. என்று சொல்வோமே, அதைத்தான் திறக்க வேண்டும் என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதில்தான் விஷயம் இருக்கிறது. இத்தாலிய ஃப்ரேம்களில் அந்தக் குழலின் அகலம் 70 மி.மீ. மரை 36 மி.மீ. விட்டம், இரண்டு பக்கமும் சாதாரண வலது மரை. ஆங்கிலேய முறையில் அகலம் 68 மி.மீ., செயின் இருக்கிற பக்கத்துக் கப்பில் மட்டும் எதிர் மரை. அதாவது இத்தாலிய வண்டியில் செயின் பக்கத்துக் கப்பை இடப்பக்கம் திருப்பினால் கழலும், ஆங்கிலேய முறை வண்டியில் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அவர் பெரிய ஸ்பானரைப் போட்டு இத்தாலிய முறைப்படி இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை. இல்லை. ஸ்பானரை எடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பவும் மாட்டி வலப்பக்கம் திருப்பினார். லேசாகக் கழன்று வந்தது. வெர்னியரை வைத்து அகலத்தை அளந்து, எதுவும் சொல்லாமல் என் பக்கம் நீட்டினார். 68.

ஏற்றுமதிக்கென்று ஆங்கிலேய மரையோடு போன இத்தாலிய ஃப்ரேம்களும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று அவரே சொன்னார். பிறகு என் விரலை அந்தக் குழலுக்குள் விடச் சொன்னார். எஸ்.எல்.எக்ஸ். குழாயின் அடையாளமே, பி.பி. பக்கத்து முனையில் உள்சுவரில் புரி புரியாக ஓடுகிற மேடுகள்தான். சீட் டியூபும் கீழ்ப்பாரும் வந்து சேருகிற வாயில் அது விரலுக்குத் தட்டுப்படும். என் விரலுக்குத் தட்டுப்பட்டது மழமழவென்ற சுவரும் துருவும்தான்.

சீட் போஸ்டை உருவினார். அடியில் 26.4 என்று பதித்திருந்தது. இதற்குக் கணக்குத் தெரிந்தால் போதும், பொறியியல் படிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. நல்ல குழாயின் மேல்முனைச் சுவர் 0.6 மி.மீ. இருந்தால், உள்ளே 27.4 மிஞ்சும். அதனால்தான் கொலம்பஸின் எஸ்.எல். ரகக் குழாயில் கட்டிய ஃப்ரேம்களில் 27.2 போஸ்ட் போகிறது. 26.4 போஸ்ட்தான் போகிறது என்றால், சுவர் சுமார் ஒரு மி.மீ. கனமான, விலை குறைந்த குழாய். கடைக்காரர் ஏன் சீட்டைக் கழற்ற விடவில்லை என்பதற்குப் பதில் அங்கே கிடைத்தது.

பின் சக்கரத்தைக் கழற்றியபோது ஃப்ரேமின் பின் கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்தன. அளந்தால் 130 மி.மீ. ஆறு கியர் ஓடிய எண்பதுகளின் தொடக்கத்து ரேஸ் ஃப்ரேமில் 126 இருக்க வேண்டும். எட்டு கியர் போடுவதற்காகப் பிற்பாடு விரித்த பழைய ஃப்ரேம்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் இங்கே மாட்டியிருந்தது பழைய ஹப், அதற்காக யாரும் விரித்திருக்க மாட்டார்கள். ஃப்ரேமே அந்த அளவில் பிறந்தது, ஹப்பை நடுவில் வைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

கடைசியாகக் காந்தம் விழுந்த இடத்தில் பிளேடை வைத்துச் சுரண்டினார். சிவப்பு, அதன் கீழே வெள்ளி நிறம், அதன் கீழே சாம்பல் நிறப் பட்டி, மாவாக உதிர்ந்தது. பட்டி போனதும் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு மடிப்பு. கட்டை விரலை வைத்தால் சட்டைக் கையில் விழுகிற சுருக்கம் மாதிரி தெரிந்தது. முன்சக்கரம் எதிலாவது மோதினால் ஃபோர்க் பின்னால் தள்ளி, கீழ்ப்பார் சரியாக அந்த இடத்தில்தான் மடங்கும். "இறக்கத்தில் போகும்போது இது விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும்" என்றார். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பொய்யான பெயரை ஒட்டி விற்றதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். மடங்கிய குழாயைப் பட்டி பூசி மறைத்து, இன்னொரு மனிதரை அதில் ஏற்றிவிடத் துணிந்ததை மறக்கவே மாட்டேன்.

இந்த விஷயத்தை எங்கள் ஞாயிறு கூட்டத்தில் சொன்னதும் பழைய வாக்குவாதம் மறுபடியும் கிளம்பியது. ஒரு பக்கத்தினருக்கு அசல்தான் அசல். கறையும் கீறலுமாக இருந்தாலும் அந்தக் காலத்துக் கை கட்டியதாக இருக்க வேண்டும், புதிதாகக் கட்டிப் பழைய தோற்றம் கொடுப்பதெல்லாம் நாடகம் என்பார்கள். இன்னொரு பக்கத்தினர், நாற்பது வருடக் குழாய்க்குள் துரு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், புது ஸ்டீல் ஃப்ரேமில் பழைய அழகும் கிடைக்கிறது, நிம்மதியாகவும் ஓட்டலாம் என்பார்கள். 1919-இல் தொடங்கிய கொலம்பஸ் இன்றும் குழாய் செய்கிறது. சினெல்லியின் சூப்பர் கோர்ஸா பல பத்தாண்டுகளாக வந்துகொண்டே இருக்கிறது. கொல்னாகோவும் எண்பதுகளில் வந்த மாஸ்டர் மாடலை விட்டுவிடாமல் நீண்ட காலம் கட்டியது. இவற்றைப் போலி என்று சொல்வது அநியாயம் என்பது என் கருத்து. டஸ்கனியில் கையோலே இன் கியாந்தி ஊரில் 1997-இலிருந்து நடக்கிற எரோயிக்காவையே பாருங்கள். வெள்ளை மண் சாலைகளில் பழைய வண்டிகளை மட்டும் ஓட்டுகிற திருவிழா. 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள், கீழ்ப்பாரில் கியர் லீவர், பட்டை கட்டிய பெடல், வெளியே தெரிகிற பிரேக் கேபிள் என்று அத்தனை கறாரான விதிகள். அங்கேகூடப் பழைய முறையில் புதிதாகக் கட்டிய ஸ்டீல் வண்டிக்கு இடம் வைத்திருக்கிறார்கள்.

அதனால் புதுசா பழசா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. பெயிண்ட்தான் எனக்கு இப்போது பிரச்சினை. பழைய எழுத்துகளின் ஸ்டிக்கர் செட்டுகள் வெளிப்படையாகவே விற்கின்றன, நேர்மையாக ரெஸ்டோர் செய்கிறவர்களுக்கு அவை தேவையும்கூட. ஆனால் அதே செட்டை எந்த ஃப்ரேமிலும் ஒட்டலாம். அந்தக் காலத்து இத்தாலிய ஃப்ரேம்கள் பலவற்றில் அளவு எண்ணைத் தவிர நம்பத்தகுந்த வரிசை எண் கிடையாது, ஆகவே எண்ணை வைத்துச் சரிபார்க்கவும் வழியில்லை. நிறம் மங்கி, எழுத்து பாதி உதிர்ந்த வண்டியும் பளபளவென்று ரெஸ்டோர் செய்த வண்டியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், யோசிக்காமல் மங்கியதை எடுங்கள். மடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். புது பெயிண்ட் அடித்ததுதான் வேண்டுமென்றால், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் வெறும் இரும்பாக இருந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக ரெஸ்டோர் செய்கிறவர்கள் ஆசையாக எடுத்து வைத்திருப்பார்கள்.

கடையிலேயே, எதையும் கழற்ற விடாவிட்டாலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. போன் டார்ச்சை ஃபோர்க்குக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். பெரும்பாலான ஃபோர்க்குகளில், கழுத்துக்குள் ஏறுகிற ஃபோர்க் குழாயின் உள்பக்கம் தெரியும். கொலம்பஸின் எஸ்.எல்., எஸ்.பி. ரகக் குழாய்கள் என்றால் அந்த அடிமுனையில் ஐந்து புரி மேடுகள் சுழன்று ஏறுவதைப் பார்க்கலாம். அரை நிமிட வேலை. பி.பி. குழலின் அகலத்தையும் கிராங்கைக் கழற்றாமலே ஓரளவு அளந்துவிடலாம். பையில் ஒரு வெர்னியர், ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். சீட் போஸ்டைக் கழற்ற மறுத்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், எத்தனை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போயிருந்தாலும் சரி.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைக்கு எழுதினேன். முதலில் பதில் இல்லை. பிறகு ரசீதின் படத்தை எனக்கே அனுப்பி, "பார்த்தேன், பிடித்தது" என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். அதற்குள் விளம்பரத்தையும் நீக்கிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கடையோடு தகராறு என்றால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் என்று ஒன்று உதவுகிறது. ஜெர்மனிக்கானது கேல் ஊரில் இருக்கிறது, கட்டணம் இல்லை. அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது: விற்பவர் கடைக்காரராக இருந்தால் சட்டப்படியான இரண்டு வருடப் பொறுப்பு உண்டு, பழைய பொருளுக்கு அதை ஒரு வருடமாகக் குறைக்கலாம், அப்படி ஒரு வரியை எழுதி மொத்தமாகத் துடைத்துவிட முடியாது. இணையத்தில் வாங்கியிருந்தால் பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பியிருக்கலாம். நேரில் போய் வாங்கியதால் அது எனக்கு இல்லை. என்னைக் காப்பாற்றியது வாட்ஸ்அப்பில் கடைக்காரர் எழுதிய ஒரே வாக்கியம்: "ஒரிஜினல், 1983, உத்தரவாதம்." அது இல்லாவிட்டால் எனக்கு என்ன விற்றார்கள் என்பதற்குச் சாட்சியே கிடையாது.

ஐந்து மாதம் கழித்து, பாகங்கள் அசல் என்பதால் அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு 900 யூரோ திருப்பித் தந்தார்கள். ஃப்ரேம் வேண்டாம் என்றார்கள். ரொக்கமாகக் கொடுத்த 650 யூரோவுக்குத் தாளே இல்லை, அது போனது போனதுதான்.

ஃப்ரேமை இணையத்தில் "அலங்காரத்துக்கு மட்டும்" என்று விற்றால் நூறு யூரோவாவது கிடைக்கும் என்றார்கள் நண்பர்கள். மனசு வரவில்லை. யாராவது வாங்கி மறுபடியும் பட்டி பூசிவிடுவார்கள். மெக்கானிக்கின் பட்டறையிலேயே கீழ்ப்பாரை ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். வெட்டிய வாயை வெர்னியரில் வைத்துப் பார்த்தேன். நல்ல ரேஸ் குழாய் நடுவில் மெலிந்திருக்கும்; இதில் முனையிலும் நடுவிலும் ஒரே தடிமன், எங்கும் மெலியவில்லை.

அசல் பாகங்கள் ஒரு அட்டைப் பெட்டியில் காத்திருக்கின்றன. அவற்றை மாட்ட, பக்கத்து ஊரில் ஒற்றை ஆளாக ஃப்ரேம் கட்டுகிற ஒருவரிடம் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறேன். லக் வைத்தது, பின்னால் 126, இத்தாலிய மரை, சிவப்பு. பிரேசிங் செய்கிற அன்று வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். பி.பி. குழலின் அடியில், பெயிண்டுக்கும் மேலே தெரிகிற ஆழத்தில், கட்டிய வருடத்தைப் பதித்துவிடுங்கள் என்றேன்.